நிராகரிக்கப்பட்ட மாதிரி

பிப்ரவரி 11, செவ்வாய்

மருந்து கம்பெனி ரெப் கொடுத்த டைரி இது. ஜனவரி முழுக்க வெற்றுத் தாளாகக் கிடந்தது. இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் கோபம். அதை வீட்டில் காட்ட முடியாது. ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறார், இன்னொருத்தி, மகள் ஜெனி, அவளுக்கு நாளை கணக்குப் பரீட்சை.

நேற்று சாயங்காலம் துவாக்குடி யார்டிலிருந்து வந்ததும் இவர் வாந்தி எடுக்க ஆரம்பித்தார். நான்கு முறை. மதியம் சாப்பிட்ட பரோட்டாதான் என்றார். இவருக்கு, அதாவது என் வீட்டுக்காரர் அடைக்கலராஜுக்கு, பாய்லர் குழாய்களின் வெல்டிங்கைக் காமாக் கதிரால் படம் எடுக்கிற வேலை. நாங்கள் மருத்துவமனையில் எலும்புக்கு எடுப்பதை இவர் இரும்புக்கு எடுக்கிறார், அவ்வளவுதான்.

காலையில் மேல்வயிறு வலிக்கிறது என்றதும் நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போனேன். டாக்டர் சுபைதா அமைலேஸ், லைபேஸ், ரத்த அணு எண்ணிக்கை என்று எழுதிக் கொடுத்தார். எங்கள் லேபில் ரத்தம் எடுத்தவள் கஸ்தூரி. முகமூடி தாடைக்குக் கீழே, வாயில் அவள் தம்பி நிச்சயதார்த்தத்து பிரியாணி. ஊசி உள்ளே போனதிலிருந்து வெளியே வரும்வரை பேசினாள். டியூபைத் திறந்து மெஷினில் வைக்கும்போதும் பேசினாள்.

அமைலேஸ் 1140. நூறுக்குள் இருக்க வேண்டியது.

அது கணையத்திலும் ஊறும், எச்சிலிலும் ஊறும் நொதி. வெறும் சோற்றை மென்றுகொண்டே இருந்தால் இனிக்கிறதே, அந்த வேலையைச் செய்வது அதுதான். ரத்தத்தில் இவ்வளவு ஏறினால் டாக்டர்கள் கணையத்தைச் சந்தேகப்படுவார்கள். அடுத்த கேள்வி, குடிப்பாரா என்பது. மூன்று வருடமாக இவர் குடிப்பதில்லை. வேளாங்கண்ணியில் மெழுகுவர்த்தி பிடித்துச் சத்தியம் செய்தவர். அதோடு லைபேஸ் 31, சுத்தமாக நார்மல். கணையம் கெட்டிருந்தால் இரண்டும் சேர்ந்துதான் ஏறும். ஒன்று மட்டும் ஏறியிருந்தால் டியூபில் யாருடைய எச்சிலோ தெறித்திருக்கிறது. இது லேபில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

ரிஜிஸ்டரில் சிவப்பு மையில் எழுதினேன்: "மாதிரியில் உமிழ்நீர் கலப்பு. நிராகரிப்பு." கஸ்தூரியிடம் எல்லோர் முன்னாலும் கேட்டேன், "வாய மூடிட்டு ரத்தம் எடுக்கத் தெரியாதா உனக்கு?" பதினாலு வருட சர்வீஸில் என் கையெழுத்தில் ஒரு தப்பு ரிப்போர்ட் போனதில்லை. இனியும் போகாது.

பிப்ரவரி 12, புதன்

லீவு போட்டு வீட்டைச் சுத்தம் செய்தேன். பரண், அரிசி டிரம், பைக் பெட்டி, துணி பீரோவின் அடித்தட்டு, அவருடைய ஹெல்மெட்டின் உள்பக்கம். ஒன்றும் இல்லை. அதாவது, குப்பை அதிகம் இல்லை. மாதா படத்தைத் துடைக்கும்போது பின்னாலிருந்து இவருடைய பேட்ஜ் கீழே விழுந்தது. துடைத்துத் திரும்ப அங்கேயே வைத்தேன். பிறகு சட்டையை மோந்து பார்த்தேன். வியர்வையும் இரும்பு வாடையும்தான்.

மதியம் வீட்டிலேயே நானே ரத்தம் எடுத்தேன். வாயை இறுக்க மூடிக்கொண்டு. லேபுக்குக் கொண்டுபோய் நானே ஓட்டினேன். அமைலேஸ் 610. லைபேஸ் 29. மெஷினைச் சரிபார்க்கும் கண்ட்ரோல் திரவத்தை இரண்டு தடவை ஓட்டினேன். மெஷின் சரியாக இருக்கிறது.

தலை வலிக்கிறது. துவைக்கப் போட்ட துணி வாளியிலேயே கிடக்கிறது.

பிப்ரவரி 13, வியாழன்

மாதாவே, நன்றி.

காலையில் எழுந்தால் இவருக்குக் காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் வீக்கம், வலப்பக்கம் கொஞ்சம் அதிகம். வாய் வறண்டு நாக்கு அண்ணத்தில் ஒட்டுகிறது. பொன்னுக்கு வீங்கி! சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற அந்த அம்மை. எச்சில் சுரப்பி வீங்கினால் அமைலேஸ் ஏறத்தானே செய்யும், லைபேஸ் ஏறாது. மூன்று நாளாக நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ எடுத்துப்போட்ட மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. டாக்டர் சுபைதாவும், அதுவாகத்தான் இருக்கலாம் என்றார்.

பொன்னுக்கு வீங்கி என்றால் கழுத்தில் தங்கம் போட வேண்டும். நான் வைரஸ் பற்றிப் படித்தவள், தங்கம் எந்த வைரஸையும் கொல்லாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என் இரண்டு பவுன் சங்கிலியைக் கழற்றி இவர் கழுத்தில் போட்டேன். நாற்பத்தோரு வயது ஆம்பளை மீசையோடு சங்கிலி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ஜெனி விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்குத் தொற்றிவிடக் கூடாது என்று லால்குடியில் என் தங்கை வீட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டேன்.

இன்றைய அமைலேஸ் 240. இறங்குகிறது.

கஸ்தூரி நேற்றிலிருந்து இரண்டு முகமூடி போட்டுக்கொண்டு வேலை செய்கிறாளாம். யாரிடமும் பேசுவதில்லையாம். மன்னிப்புக் கேட்கலாம்தான். அவள் அன்று பேசினாள் என்பதும் உண்மைதானே.

பிப்ரவரி 14, வெள்ளி

திண்டுக்கல்லிலிருந்து நாத்தனார் லூர்து போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னதும், "அவனுக்கு ஏழு வயசுலயே வந்துருச்சே பிலோ. அம்மா சங்கிலிய போட்டுக்கிட்டு ஸ்கூலுக்குப் போறேன்னு அடம்பிடிச்சானே. ரெண்டாந்தடவ வருமா?" என்றாள்.

வராது. வந்தால் அபூர்வம்.

போனை வைத்துவிட்டு அணு எண்ணிக்கை ரிப்போர்ட்டுகளை எடுத்துப் பார்த்தேன். மூன்று நாளாக நான் அமைலேஸை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். லிம்போசைட், ரத்த வெள்ளை அணுவில் ஒரு வகை, செவ்வாய் 1900. புதன் 1250. நேற்று 900. வைரஸ் காய்ச்சலில் அது பெரும்பாலும் ஏறும். இது படியிறங்கிக்கொண்டிருக்கிறது.

கழுத்தின் வலப்பக்கம் வெயிலில் காய்ந்தது மாதிரி சிவந்திருக்கிறது. சங்கிலி உறுத்துகிறது என்று கழற்றி வைத்துவிட்டார். திங்கட்கிழமை வேலையில் என்ன நடந்தது என்று கேட்டேன். ஒன்றுமில்லை, தூங்க விடு என்றார். அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கையில் எடுத்துப் பெயரைப் பார்த்துவிட்டு, பேசாமல் வைத்தார். பெரியண்ணன் என்று பெயர் வந்தது. இவரோடு கூட வேலை செய்கிற ஹெல்பர்.

அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்து, பாத்திரம் கருகியது.

பிப்ரவரி 15, சனி

நவல்பட்டில் பெரியண்ணன் வீட்டுக்குப் போனேன். பையில் ஊசியும் இரண்டு டியூபும் எடுத்துக்கொண்டேன். எதற்கு என்று என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அவன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கன்னம் இரண்டும் வீங்கி, கழுத்தில் ஒரு தங்கச் சங்கிலி. அவன் மனைவி தவமணியுடையது.



"வாங்க அண்ணி. அண்ணனுக்கும் இதுதானாமே? ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல தொத்திருச்சு பாருங்க" என்று சிரித்தான். சிரிக்கும்போது உதடு வறண்டு வெடித்திருந்தது தெரிந்தது. இடது கையை மடியில் துணி போட்டு மூடி வைத்திருந்தான். துணியை எடுக்கச் சொன்னேன். கட்டை விரலும் பக்கத்து இரண்டு விரலும் சிவந்து, நுனியில் கொப்புளம் கட்ட ஆரம்பித்திருந்தன. சைலன்சர் சுட்டிருக்கும் என்றான். எந்த சைலன்சர் என்று அவனுக்கே தெரியவில்லை.

திங்கட்கிழமை என்ன நடந்தது என்று கேட்டேன். அண்ணன் சொல்லலையா என்று தயங்கிவிட்டுச் சொன்னான். கதிர் வீசுகிற சின்ன உலோகக் குளிகை ஒரு கேபிளின் நுனியில் இருக்கும். அதை சோர்ஸ் என்பார்கள். கைப்பிடியைச் சுற்றினால் அது இரும்புப் பெட்டியிலிருந்து ஒரு குழாய் வழியாக வெல்டிங்கிடம் போகும். படம் பதிந்ததும் திருப்பிச் சுற்றினால் பெட்டிக்குள் வந்துவிடும். வந்துவிட்டதா என்று மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கிட்டே போக வேண்டும். அன்று மீட்டரில் பேட்டரி தீர்ந்திருந்தது. சுற்றுகளை எண்ணிக்கொண்டார்கள். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. உள்ளே கேபிள் நழுவியது அவர்களுக்குத் தெரியவில்லை. இவர் குழாய்மேல் குனிந்து பிலிமை மாற்றினார், பெரியண்ணன் குழாயின் நுனியை இடது கையால் பிடித்துக் கொடுத்தான். பெட்டி பூட்டாதபோதுதான் சோர்ஸ் வெளியிலேயே இருப்பது தெரிந்தது. முறுக்கி உள்ளே இழுத்துவிட்டு, யாரிடமும் சொல்வதில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

"பேட்ஜ்?" என்று கேட்டேன். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அளக்கிற அட்டை. சட்டையில் மாட்டியிருக்க வேண்டும்.

தவமணி உள்ளே போய் பீரோவிலிருந்து ஒரு கைக்குட்டைப் பொட்டலத்தைக் கொண்டுவந்தாள். "நீங்க சொன்ன மாதிரியே பத்திரமா வச்சிருக்கேன் அக்கா" என்றாள்.

அவன் கையில் ரத்தம் எடுத்தேன். நேராக லேபுக்குப் போனேன். லிம்போசைட் 410. கதிர் பட்டால் முதலில் சாவது அந்த அணுதான்.

வீட்டுக்கு வந்து இவரிடம் எண்ணைச் சொன்னேன். இவருக்கு எண் புரியாது, என் முகம் புரிந்தது. "வெளிய சொன்னா எங்க குரூப்ல எட்டு பேரையும் வேலைய விட்டு எறக்கிருவாங்க, பிலோ" என்றார்.

"பெரியண்ணன் கைய பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. போனைக்கூட எடுக்கவில்லை. பிறகு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, ஆட்டோ கூப்பிடச் சொன்னார். இருவருமாகப் போய் டாக்டர் சுபைதாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். கிட்டத்தட்ட எல்லாவற்றையும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பெரியண்ணனைச் சென்னைக்கு ஆம்புலன்ஸில் அனுப்பினார்கள். தவமணியும் கூடப் போனாள். சங்கிலி அவன் கழுத்திலேயே இருந்தது. நான் ஞாயிறு பூசைக்குப் போகவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

கம்பெனியின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி மகாலிங்கம் வந்தார். மெதுவாகப் பேசுகிற மனிதர், விரல் நகத்தைப் பார்த்தே பேசுகிறார். இருவருடைய பேட்ஜையும் அவசரமாகப் படித்துச் சொல்ல அனுப்புகிறேன் என்று வாங்கிப்போனார். ரத்தத்தில் குரோமோசோம் பரிசோதனையும் உண்டாம், அதற்கு மூன்று வாரம் ஆகுமாம். இவர் தரையைப் பார்த்தபடி பேட்ஜை எடுத்துக் கொடுத்தார். மாதா படத்துக்குப் பின்னாலிருந்து. மகாலிங்கம் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

பிப்ரவரி 21, வெள்ளி

சமையல் கேஸ் தீர்ந்தது. லிம்போசைட் 700, நின்றுவிட்டது. வீக்கம் இல்லை. சாப்பிடும்போது ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடிக்கிறார். நான் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன், உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன்.

பிப்ரவரி 24, திங்கள்

பேட்ஜ் ரீடிங் வந்துவிட்டது. இரண்டும் பூஜ்யம்.

கம்பெனி மேனேஜர் அதையே பிடித்துக்கொண்டார். கதிர் படவே இல்லை, இரண்டு பேருக்கும் பொன்னுக்கு வீங்கி, ஆஸ்பத்திரியே முதலில் அப்படித்தான் சொல்லியிருக்கிறது என்று கடிதம் வந்திருக்கிறது. குரோமோசோம் முடிவு வரும்வரை காத்திருக்க முடியாது, அந்தக் கேமரா, அதாவது சோர்ஸ் இருக்கிற பெட்டி, புதன்கிழமை இன்னொரு குழுவோடு கரூர் வேலைக்குப் போகிறது. நழுவிய அதே கேபிளோடு. மகாலிங்கம் தயங்கித் தயங்கிச் சொன்னார்: கேமராவை நிறுத்த எனக்கு ஒரு காகிதம் வேண்டும், வீக்கம் வருவதற்கு முன்பே அந்த நொதி உச்சத்தில் இருந்தது என்று காட்டினால் போதும். கதிர் பட்டால் ஒரு நாளைக்குள் உச்சிக்குப் போய் மூன்று நாளில் இறங்கிவிடுமாம். பொன்னுக்கு வீங்கியில் அது வீக்கத்தோடுதான் ஏறுமாம், இறங்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகுமாம். உங்கள் லேபில் செவ்வாய்க்கிழமை எடுத்தீர்களே, அந்த ரிப்போர்ட்டைக் கொடுங்கள் என்றார். புதன்கிழமை ரத்தம் வீட்டில் மனைவி எடுத்தது, அது செல்லாதாம்.

செவ்வாய்க்கிழமை. சிவப்பு மை. உமிழ்நீர் கலப்பு. நிராகரிப்பு. என் கையெழுத்து.

ரிஜிஸ்டரை விரித்து வைத்துக்கொண்டு லேபில் உட்கார்ந்திருந்தேன். அந்த வரியை நான் நம்பி எழுதவில்லை. குடிக்கிறாரா என்று டாக்டர் கேட்டுவிடக் கூடாதே என்று எழுதினேன். நம்பியிருந்தால் மறுநாள் அரிசி டிரம்முக்குள் பாட்டில் தேடியிருக்க மாட்டேன்.

கஸ்தூரி வந்து பக்கத்தில் நின்றாள். இரண்டு முகமூடிக்குள்ளிருந்து பதின்மூன்று நாள் கழித்து என்னிடம் பேசினாள்.

"இன்னொரு டியூப் இருக்கு."

எப்போதும் கூட ஒரு டியூப் எடுத்து வைப்பது அவள் பழக்கம். வீண் என்று நான்தான் திட்டுவேன். அன்றும் எடுத்திருக்கிறாள். மெஷினில் சுழற்றி அணுக்களை அடியில் பிரித்து, மூடியைத் திறக்காமல், பெயரும் தேதியும் எழுதி ஃபிரிட்ஜின் பின்தட்டில் வைத்திருக்கிறாள்.

"என் எச்சின்னு சொன்னீல்ல? மூடியே தொறக்காத டியூபுல என் எச்சி எப்படிப் போவும்? உன் கையாலயே ஓட்ட வைக்கணும்னு வச்சிருந்தேன்" என்றாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் ஏற்றுக்கொண்டதாகச் சொல்லவில்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

மகாலிங்கம் முன்னால், டாக்டர் சுபைதா கையால் டியூபின் மூடியைத் திறந்தோம். நான் தொடவில்லை. எல்லோரும் முகமூடி போட்டு, வாயை மூடிக்கொண்டு மெஷினைச் சுற்றி நின்றோம். பத்து நிமிடம் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

1096. லைபேஸ் 30.

ரிஜிஸ்டரில் என் சிவப்பு வரியை அடித்துவிட்டு, தவறான நிராகரிப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மகாலிங்கம் அங்கேயே நின்று போனில் பேசினார். கேமரா கரூருக்குப் போகாது. இப்போது அவர் நகத்தைப் பார்க்கவில்லை.

போகும்போது இவரிடம் ஒரு படிவத்தைக் கொடுத்தார். பேட்ஜ் ஏன் பூஜ்யம் காட்டியது என்று எழுத்தில் வேண்டுமாம்.

மார்ச் 2, ஞாயிறு

பெரியண்ணனுக்கு அணு எண்ணிக்கை ஏறத் தொடங்கியிருக்கிறது என்று தவமணி போன் செய்தாள். விரல்களைப் பற்றி இன்னும் சொல்ல முடியாது என்கிறார்களாம். பேட்ஜைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்கலாம்.

படிவத்தை இன்று நிரப்ப உட்கார்ந்தார் இவர். "போட மறந்துட்டேன்னு எழுதிடறேன்" என்றார். எழுத விடாமல் பேனாவைப் பிடுங்கினேன்.

டைரியில்கூட நான் எழுதாத ஒன்று இருக்கிறது. போன வருடம் ரீடிங் அதிகமாகிவிட்டது என்று மூன்று மாதம் இவரைக் களவேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த அந்த மூன்று மாதமும் நான் பயந்து செத்தேன், மறுபடி குடியில் விழுந்துவிடுவாரோ என்று. அதனால் ஆலையை நிறுத்திவைத்துச் செய்கிற அடுத்த ஷட்டவுன் வேலை தொடங்கிய அன்று காலையில், இவர் குளிக்கும்போது, சட்டைப் பையிலிருந்து பேட்ஜை எடுத்து மாதா படத்துக்குப் பின்னால் வைத்தது நான். சாயங்காலம் கேட்டார், சொன்னேன். அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை. பெரியண்ணன் பிள்ளைக்குக் காதுகுத்து நடந்தபோது தவமணியை ஓரமாகக் கூப்பிட்டு, நீயும் எடுத்து வைத்துக்கொள் என்று சொல்லிக் கொடுத்ததும் நான். பெருமையாகச் சொன்னேன். எங்க வீட்டுக்காரருக்கு எப்பவும் பூஜ்யம்தான் என்று.

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: சம்பவத்தின்போது பேட்ஜ் யாரிடம் இருந்தது?

"என்னிடம்" என்று எழுதினேன். பிலோமினா, மனைவி, ஆய்வக டெக்னீசியன். தவமணிக்குச் சொல்லிக் கொடுத்ததையும் கீழே எழுதினேன். இடம் போதாமல் பின்பக்கம் திருப்பி எழுதினேன்.

இவர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு தட்டை எடுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வெறும் சோற்றை ஒரு வாய் எடுத்து, தண்ணீர் குடிக்காமல், வெகுநேரம் மென்றார்.

எச்சில் ஊறுகிறதா, இனிக்கிறதா என்று கேட்டேன்.

"இல்ல" என்றார். எனக்காகக்கூடப் பொய் சொல்லவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து என் தட்டிலும் சோறு போட்டுக்கொண்டேன்.